வீராசாமி இடித்த தொண்ணூற்றாறு சுவர்கள்

காஞ்சிபுரத்தில் இந்த ஆண்டு அதிகச் சுவர்களை இடித்தவர் வீராசாமி. மொத்தம் தொண்ணூற்றாறு. ஒரு செங்கல் கீழே விழவில்லை. யாரும் வழக்குப் போடவில்லை. சுவர் ஒன்றுக்கு மூன்று வீதம் அவர் கணக்கிலிருந்து இருநூற்று எண்பத்தெட்டுப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீராசாமிக்கு வயது நாற்பத்தாறு. ஊர் முசரவாக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டார்கள். இவர் அடுத்தவர் அடுப்புக்கு எரிவாயு சிலிண்டர் சுமக்கிறார். பத்தொன்பது வருடமாகப் பிள்ளையார்பாளையம்தான் அவருடைய லைன். நிரம்பிய சிலிண்டர் ஏறக்குறைய முப்பது கிலோ. அதைத் தோளில் வைத்துக்கொண்டு தவறான சந்துக்குள் போய்த் திரும்பி வந்தவனுக்குத்தான் ஒரு தெரு எங்கே முடிகிறது என்பது பெரிய செய்தி.

அங்கே வீடுகளுக்குப் பழைய எண் உண்டு, புதிய எண் உண்டு, புதிய எண்ணுக்குப் பிறகு வந்த இன்னொரு புதிய எண்ணும் உண்டு. மூன்றையும் வீராசாமி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எந்த வீட்டில் தறி முன்வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, யாருக்குப் பின்பக்கமாகத்தான் போக வேண்டும், எந்த மாடிப்படியில் ஏழாவது படி ஆடும் என்பதும் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஏஜென்சியில் முத்துக்குமார் என்று புதிதாக ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். முதல் நாளே கைபேசியைப் பார்த்தபடி சிலிண்டரோடு ஒரு சந்துக்குள் போனான். அரை மணி நேரமாக ஆளைக் காணோம். வீராசாமி தேடிக்கொண்டு போனபோது, ஒரு சாயப்பட்டறையின் பின்சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"மேப்பு இங்க ரோடு இருக்குதுன்னு சொல்லுதுண்ணா."

"அது சொல்லும். அதுக்கென்ன, அது தோள்லயா சிலிண்டர் இருக்குது?"

அந்த வரைபடத்துக்கு ஊர்க்கோடு என்று பெயர். கம்பெனி எதுவும் விற்கிற சரக்கு இல்லை. இணையத்தில் பலர் கூடி, சம்பளம் வாங்காமல், தங்கள் தங்கள் ஊரை வரைந்து சேர்க்கிற பொதுச் சொத்து. வீராசாமியின் மனைவி லில்லி தாலுகா அலுவலகம் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்கிறார். அன்று சாயங்காலம் கைபேசியை வாங்கிப் பார்த்தவர் மூலையில் இருந்த பென்சில் குறியைக் காட்டினார்.

"யாரு வேணா திருத்தலாம்னு போட்டிருக்குதுபா. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. திருத்தேன்."

வீராசாமி திருத்தினார். அந்தச் சந்து அங்கே இல்லை என்று எழுதிப் போட்டார். மறுநாள் இன்னொன்று. ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு. எதையும் காலால் நடந்து பார்க்காமல் தொட்டதில்லை. மூன்றாம் வருடம், அவர் போட்ட பதிவு ஒன்றுகூடத் தப்பாகவில்லை என்பதைக் கவனித்த அப்போதைய நிர்வாகிகள், அவர் கேட்காமலேயே அவரைச் சரிபார்ப்பாளர் ஆக்கினார்கள். மற்றவர்கள் ஒரு தவறைப் பார்த்தால் புகார்தான் எழுதலாம். புகார் அங்கேயே படுத்துத் தூங்கும். சரிபார்ப்பாளர் உடனே நீக்கலாம், அடுத்தவர் வரைந்ததை ஏற்கலாம், நிராகரிக்கலாம். வீராசாமிக்கு அந்த வரைபடத்தில் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

பிறகு நிர்வாகிகள் மாறினார்கள். மாவட்ட ஒருங்கிணைப்பாளராக மயில்வாகனம் வந்தார். பிள்ளையார்பாளையத்தில் நெசவு வீட்டில் பிறந்து, சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். யார் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று அளக்காமல் ஒரு சமூகம் எப்படி முன்னேறும் என்பது அவருடைய கேள்வி. நல்ல கேள்வி. அதற்கு அவர் கண்டுபிடித்த பதில்தான் மூன்றாம் வகுப்புக் கணக்காக இருந்தது. வீடு வரைந்தால் ஒரு புள்ளி. சுவர் வரைந்தால் மூன்று. தெரு வரைந்தால் ஐந்து. ஏற்கப்பட்ட ஒன்றை நீக்கினால், நீக்கியவர் கணக்கில் அதே அளவு கழித்தல்.

ஏன் கழித்தல் என்று ஒருவரும் கேட்கவில்லை. சேர்ப்பது உழைப்பு, நீக்குவது நாசம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வீட்டைப் பெருக்குகிறவர் குப்பையைக் குறைக்கிறார், ஆகவே அவருக்குச் சம்பளத்தில் பிடித்தம் என்று இவர்கள் வீட்டில் யாராவது சொன்னால் அடிக்க வந்துவிடுவார்கள்.

புள்ளியோடு 'நன்றி' என்று ஒரு பொத்தானும் வைத்தார்கள். யாருடைய பதிவு பயன்பட்டதோ அவருக்கு நன்றி சொல்லலாம். இரண்டே வாரத்தில் வாட்ஸப்பில் ஒரு குழு பிறந்தது. காலையில் எழுந்ததும் எல்லோரும் எல்லோருக்கும் நன்றியை அழுத்திவிட்டுப் பல் துலக்கப் போனார்கள். அந்தக் குழுவின் தலைவர் சீனிவாசன், ஓய்வுபெற்ற அதிகாரி, அவரும் ஒரு சரிபார்ப்பாளர். ஒரே வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் நன்றிகளைச் சேர்த்தவர். ஊர்க்கோட்டுக்காக அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டியதாகத் தகவல் இல்லை. வீராசாமிக்கு ஆறு வருடத்தில் வந்த நன்றி பூஜ்யம். அந்தக் குழு இருப்பதே அவருக்குத் தெரியாது.

இந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர் மன்றம் ட்ரோன் விட்டுப் பிள்ளையார்பாளையத்தைப் படம் எடுத்துக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. படம் துல்லியமாக இருந்தது. அதை வைத்து ஒரு வாரம் வரைபடப் போட்டி நடத்தினார்கள். அதிகம் வரைந்தவருக்குப் பரிசு. பையன்களும் பெண்களும் ஒருங்கிணைப்பாளர்களும் இரவு பகல் பார்க்காமல் வரைந்து தள்ளினார்கள். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் ஏற்றார். போட்டி முடிந்தபோது பிள்ளையார்பாளையத்தின் தெருக்களில் தொண்ணூற்றாறு புதிய சுவர்கள் எழும்பியிருந்தன. ஒவ்வொன்றும் அறுபது அடிக்குக் குறையாத நீளம். சில சிவப்பு, சில அரக்கு, சில மாம்பழ மஞ்சள்.

காலை ஏழு மணிக்கு அந்தத் தெருக்களில் என்ன இருக்கும் என்பதை அங்கே போய்வரும் பால்காரரிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். பாவு இருக்கும். மூன்று புடவைக்கான பட்டு இழைகளைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துச் சரிசெய்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். ஒன்பது மணிக்குத் தெரு காலி. வரைந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பாவுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவர்கள். ஆனால் அதை மேலிருந்து பார்த்ததில்லை. மேலிருந்து பார்த்ததும், மூன்று புள்ளி கண்ணில் பட்டதும், தங்கள் வீட்டு நூலே அவர்களுக்குச் சுவராகத் தெரிந்தது.

வீராசாமி இதைக் கண்டுபிடித்தது முத்துக்குமார் மூலமாகத்தான். கைபேசி சொன்னபடி ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டு இன்னொரு தெரு வழியாக, அதையும் சுற்றிக்கொண்டு மூன்றாவது தெரு வழியாக வந்து சேர்ந்த முத்துக்குமார், "ஊரு பூரா சுவரு கட்டிட்டாங்கண்ணா" என்றான். வீராசாமி ஒவ்வொன்றாக நடந்து பார்த்தார். பார்த்த வரிசையில் காமாட்சியம்மாள் வீடும் வந்தது.

காமாட்சியம்மாளுக்கு அறுபத்தைந்து வயது. தறியில் உட்கார்ந்திருந்தவர், "வாப்பா வீராசாமி, உள்ள வச்சிடு" என்றார்.

வீராசாமி சிலிண்டரை வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார். "உங்க வூட்டு வாசல்ல நீட்டுக்கும் ஒரு சுவரு காட்டுதுமா."

"சுவரா?" அவர் தறியை விட்டு எழுந்து வந்து தெருவை எட்டிப் பார்த்தார். "எவன் கட்டினான்?"

"தெருவுல இல்லமா. போன்ல."

காமாட்சியம்மாள் கைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்கு அடியில் இருந்த ட்ரோன் படத்தைப் பார்த்தார். "இது என் பாவுபா. அந்த வேலூர் கல்யாணத்துக்கு நீட்டின அரக்கு. கூட நிக்கிறது நான்தான், தலை தெரியுதே. இதைப் போயி சுவருன்னு எழுதி வச்சிருக்கான். எவன் அவன்? தறி வூட்டுப் பக்கமே தலைவச்சிப் படுக்காதவனா இருப்பான்."

வீராசாமி படத்துக்குக் கீழே விரலை வைத்தார். "உங்க பையன்தாம்மா."

வரைந்தவர் பெயர் கீழே இருந்தது. மயில்வாகனம். புள்ளி மூன்று.

அந்த அம்மாள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "சின்னதுல தெனம் பாவுக்கு அடியில பூந்துதான் பள்ளிக்கூடம் போவான்" என்றார். பிறகு தறிக்குத் திரும்பினார். "இடிச்சிப் போடுப்பா. இழை அறுந்துடாம இடி."

ஆறு நாளில் தொண்ணூற்றாறையும் இடித்தார். அதுவரை அவரிடம் இருந்தது அறுநூற்றுப் பதினொரு புள்ளி. மீதி முந்நூற்று இருபத்து மூன்று. போட்டியில் முளைத்த இரட்டை வீடுகள், காற்றில் தொங்கும் சந்துகள் என்று இன்னும் சிலவற்றை நீக்கியதில் இருநூற்று எண்பத்திரண்டுக்கு வந்து நின்றார். சுவர் கட்டியவர்கள் கணக்கில் இருந்த புள்ளி அப்படியே இருந்தது. சுவர் போனாலும் கட்டிய கூலி போகாதாம்.

ஜூன் நடுவில் நன்றி விழா. கல்யாண மண்டபம், பந்தல், நாதஸ்வரம். வீராசாமிக்கும் அழைப்பு வந்திருந்தது, ஏஜென்சி வழியாக. சமையல் கட்டுக்கு நாலு சிலிண்டர். பின்வாசலில் இறக்கிவிட்டு, பக்கக் கதவருகே நின்று மேடையைப் பார்த்தார்.

முதல் பத்துப் பேருக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டுவதுபோலத் தலையில் பட்டுத்துணி கட்டுவதாக ஏற்பாடு. முதல் மரியாதை யாருக்கு என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கு நின்ற ஊரில் வேறு எப்படி யோசிப்பார்கள். சிக்கலும் அதே வழியில் வந்தது. புள்ளியில் முதலாவது மயில்வாகனம், பதினாலாயிரத்து முந்நூறு. நன்றியில் முதலாவது சீனிவாசன். யாருக்கு முதலில் கட்டுவது? முக்கால் மணி நேரம் பேசினார்கள். சீனிவாசன் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் இரண்டு பேர் இரண்டு துணியைப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் ஒன்று இரண்டு மூன்று சொல்ல, ஒரே நேரத்தில் கட்டினார்கள். ஊர்க்கோட்டின் மொத்தப் பங்களிப்பாளர்கள் எட்டாயிரம் பேர் என்று மேடையில் அறிவித்தார்கள். பந்தியில் விழுந்த இலை நூற்று எழுபது. அதில் நாதஸ்வரக்காரர்களும் சேர்த்தி.

பாயசம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க மயில்வாகனம் சமையல் கட்டுக்கு வந்தார். தலையில் துணி அப்படியே இருந்தது. இணையத்தில் எழுதும்போது 'வீராசாமி சார்' என்பார். நேரில் வேறு.

"என்ன வீராசாமி, சாப்ட்டியா?"

"டூட்டில இருக்கேன் சார். ஒரு விஷயம் கேக்கணும். சுவரு எடுத்ததுக்குப் பாயிண்ட்டு கழிச்சிருக்குது."

"நான் கழிக்கல. சிஸ்டம் கழிக்குது. டெலிட் பண்ணா மைனஸ். எனக்கும் அதே ரூல்தான்."

"நீங்கதான் எதையும் டெலிட் பண்றதில்லையே சார்."

மயில்வாகனம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "கன்ஸ்ட்ரக்டிவா இருக்கணும் வீராசாமி. குறை கண்டுபிடிச்சிக்கினே இருக்கக் கூடாது."

"உங்க வூட்டு வாசல்ல ஒண்ணு போட்டிருந்தீங்க. அது அம்மா நீட்டின பாவு சார்."

"போட்டோவுல இருந்துச்சி, வரைஞ்சேன்." அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். "மேல இருந்து பார்த்தா எப்படித் தெரியும்? சரி, உனக்குச் சொல்லணும்னு இருந்தேன். புது ரூல் வந்திருக்குது. ஜூன் முப்பது மதியானம் பன்னெண்டு மணிக்கு ஐநூறு பாயிண்ட் இல்லைன்னா சரிபார்ப்பாளர் உரிமை போயிடும். உன்னோடது எவ்ளோ?"

"எரநூத்தி எம்பத்திரெண்டு."

"பார்த்துக்கோ" என்றார் மயில்வாகனம். பாயசத்தை ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

உரிமை போனால் என்ன ஆகும் என்று வீராசாமிக்குக் கணக்குப் போடத் தெரியும். அடுத்த போட்டியில் சுவர்கள் திரும்ப வரும். இந்த முறை இடிக்க ஆள் இருக்காது. முத்துக்குமாரும் இன்னும் ஏழு பேரும் சிலிண்டரோடு ஊரைச் சுற்றுவார்கள். புகார் எழுதலாம். சீனிவாசன் படிப்பார்.

பதினைந்து நாளில் இருநூற்றுப் பதினெட்டுப் புள்ளி. முதலில் அவர் செய்தது அவருக்குத் தெரிந்த வேலை. தினம் காலை ஐந்தரைக்கு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், எந்தத் தெருவில் பாவு போடுகிறார்கள், எத்தனை மணி வரை வண்டி போக முடியாது என்று விசாரித்து எழுதினார். முப்பத்து நாலு தெரு. அந்த ஊரில் சரக்குக் கொண்டுபோகும் எவருக்கும் இதைவிட உபயோகமான தகவல் கிடையாது. வரைபடத்தில் ஏற்றினார். பதில் வந்தது: 'இந்த வகை பட்டியலில் இல்லை. புள்ளி 0.'

லில்லி அந்தப் பட்டியலை முழுக்கப் படித்துப் பார்த்தார். கலங்கரை விளக்கம் இருந்தது. பனிச்சறுக்குக் களம் இருந்தது. காஞ்சிபுரத்துக்காரர்கள் நடத்தும் காஞ்சிபுரத்துப் பட்டியலில் பாவு இல்லை.

"பனிச்சறுக்கு விடுறாங்களாம்பா, வேகவதி ஆத்துல" என்றார் லில்லி. "நீ ஒண்ணு பண்ணு. வூடு வரைஞ்சா ஒரு பாயிண்ட்டுதானே? நம்ம காலனிய வரை. அங்க ஒரு வூடுகூட இல்ல பாரு."

அது உண்மை. முசரவாக்கத்தில் அவர்கள் தெருவும் சுற்றியிருந்த தெருக்களும் வரைபடத்தில் வெறும் பச்சை நிறமாக இருந்தன. ட்ரோன் அந்தப் பக்கம் வரவில்லை. பதினாலாயிரம் புள்ளிக்காரர் கண்ணிலும் படவில்லை. வீராசாமிக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆறு வருடமாக ஊரான் வீட்டு வாசலையெல்லாம் சரிசெய்தவர், சொந்தத் தெருவைப் போடவில்லை. அங்கே வழி தெரியாமல் நிற்க யாரும் வருவதில்லை என்று விட்டுவிட்டார்.

வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும் வரை இருவரும் வீடு வீடாகப் போனார்கள். லில்லி நோட்டில் கதவு எண் எழுத, வீராசாமி வரைந்தார். ஜனங்கள் எதற்கு என்று கேட்டார்கள். "மேப்புல போடுறோம்" என்றால், "பட்டா வருமா?" என்று கேட்டார்கள். வராது என்று லில்லி தெளிவாகச் சொல்லிவிட்டார். ஜூன் இருபத்தொன்பது சாயங்காலம் இருநூற்றுப் பதினெட்டாவது வீடு முடிந்தது. கணக்கில் ஐந்நூறு.

மறுநாள் பதினொன்று ஐம்பத்தாறு. வீராசாமி ஒரு வீட்டின் இரண்டாம் மாடிக்குச் சிலிண்டர் ஏற்றி, படி முனையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கைபேசியில் ஒரு தகவல். மூன்று பதிவுகள் நிராகரிக்கப்பட்டன. காரணம்: 'கட்டடம் அல்ல.' நிராகரித்தவர் சீனிவாசன்.

மூன்றும் தார்ப்பாய்க் கூரை போட்ட வீடுகள். ஒன்று அங்கம்மாள் வீடு. அதில் ஐந்து பேர் இருக்கிறார்கள், ரேஷன் அட்டை இருக்கிறது, வாசலில் செம்பருத்தி இருக்கிறது. நூலைச் சுவர் என்று ஏற்ற கண்ணுக்கு அது வீடாகத் தெரியவில்லை. ஏற்கப்பட்டதை நீக்கினால் நீக்கியவருக்குக் கழித்தல். ஏற்கும் முன்பே நிராகரித்தால் வரைந்தவருக்குக் கழித்தல். இரண்டு வழியிலும் வீராசாமிக்குத்தான் வந்தது. நானூற்றுத் தொண்ணூற்றேழு.

நாலு நிமிடம். பிள்ளையார்பாளையத்தில் வரைவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. போட்டிக்காரர்கள் கோழிக்கூண்டைக்கூட விடவில்லை. நடந்து பார்க்காத வீட்டை வரைய அவருக்குக் கை வரவில்லை. ஆனால் சுவர் என்பது இரண்டு தட்டு. இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு, மூன்று புள்ளி.

அவர் லில்லியைக் கூப்பிட்டார்.

"ஒரு பொய்ச் சுவரு போடப் போறேன்."

"போடு. யாரு தெருவுல?"

"அடுத்தவன் தெருவுல எப்படிப் போடுறது? நம்ம தெருவுலதான்."

"எத்தனையோ பேரு நமக்குக் குறுக்க சுவரு போட்டான். நீயும் ஒண்ணு போட்டுக்கோ" என்றார் லில்லி.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு முசரவாக்கத்தில், வீராசாமி வீட்டுத் தெருமுனையில், குறுக்கே ஒரு சுவர் எழுந்தது. ஐந்நூறு. பன்னிரண்டு மணிக்கு உரிமை நீட்டிக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. கூடவே அவர் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார் என்று எல்லோருக்கும் ஒரு அறிவிப்பும் போயிருக்கிறது. அதைப் பார்த்த சீனிவாசனின் குழு அவருடைய கடைசிப் பதிவில் வழக்கம்போல நன்றிப் பொத்தானை அழுத்தியது. ஐந்து நிமிடத்தில் சுவர் ஏற்கப்பட்டது. பதினொரு நன்றிகள் வந்தன.

ஆறு வருடத்தில் வீராசாமிக்கு வந்த முதல் நன்றி. அவர் வரைந்ததில் பொய் அது ஒன்றுதான்.

அன்று பிற்பகலே லில்லி தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி அந்த மூன்று தார்ப்பாய் வீடுகளையும் மறுபடி வரைந்தார். சரிபார்ப்பாளர் வீராசாமி ஏற்றார். இனி அவற்றை நீக்க வேண்டுமானால் சீனிவாசன் தன் கணக்கிலிருந்து மூன்று புள்ளி கொடுக்க வேண்டும். இன்றுவரை அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கொள்கை வேறு, புள்ளி வேறு.

மிஞ்சியது அந்தச் சுவர். அடுத்த நாளே வீராசாமி அதை இடிக்கப் போனார். முடியவில்லை. தான் வரைந்ததைத் தானே நீக்கக் கூடாது. இன்னொரு சரிபார்ப்பாளர் ஒப்புதல் வேண்டும். வரைந்து புள்ளி வாங்கிக்கொண்டு அழித்துவிடும் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க மயில்வாகனம் கொண்டுவந்த விதி. அதில் இதுவரை மாட்டிய ஒரே ஆள் வீராசாமி.

அந்த வாரம் லில்லி ஆன்லைனில் ஒரு மிக்ஸி ஜார் வாங்கினார். கொண்டுவந்த பையன் ரோட்டில் நின்று போன் செய்தான்.

"அக்கா, உள்ள வர வழியே இல்ல. சுவரு காட்டுதுக்கா."

"எங்க வூட்டுக்காரரு கட்டினதுதான். கண்ணைத் தொறந்துக்கினு நேரா வா, இடிக்காது."

வீராசாமி ஒப்புதல் கேட்டு எழுதினார். சீனிவாசன் ஆதாரம் கேட்டார். பதினொரு பேர் நன்றி சொன்ன ஒரு பதிவை வாய்வார்த்தையில் நீக்க முடியாது, படம் வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை வீராசாமி தெருமுனையின் நட்டநடுவில், சுவர் இருக்க வேண்டிய இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லில்லி படம் எடுத்தார். அனுப்பினார்கள். பதில்: 'படத்தின் நடுவில் ஒருவர் மறைத்து நிற்கிறார். பின்னால் சுவர் உள்ளதா என்பதை உறுதிசெய்ய இயலவில்லை.'

வீராசாமி ஒதுங்கி நிற்க, வெறும் தெருவை எடுத்து அனுப்பினார்கள். பதில்: 'இது அதே தெருதான் என்பதற்கு அடையாளம் இல்லை.'

"இன்னொரு வாட்டி எடுக்கட்டுமா?" என்று வீராசாமி கேட்டார்.

"இல்லாத சுவரை எத்தனை தடவைபா போட்டோ எடுக்கிறது" என்று லில்லி கைபேசியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஊர்க்கோட்டில் வீராசாமி அதுவரை கருத்து என்று எதுவும் எழுதியதில்லை. அன்று எழுதினார். 'நேரில் வந்து பார்க்கவும். முசரவாக்கம் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி ஏழு நிமிடம் நடக்க வேண்டும். ஞாயிறு முழுதும் வீட்டில் இருப்பேன்.'

ஒன்பது ஞாயிறு ஆகிவிட்டது. யாரும் வரவில்லை.